அண்ணன் பிடுங்கிய போஞ்சி

நான் எதையும் சுலபமாக மறக்கிறவள் இல்லை. மறந்துவிடு, விட்டுத்தள்ளு, கூடப் பிறந்தவர்தானே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எங்கள் லயத்தில், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக இருக்கிற இந்தத் தோட்டத்து வீடுகளில், நிறையப் பேர். அவர்கள் வீட்டுச் செடியை யாரும் பிடுங்கவில்லை, அதனால் சொன்னார்கள். என் செடியைப் பிடுங்கியவர் என் சொந்த அண்ணன். பட்டப்பகலில், லயமே வேடிக்கை பார்க்கப் பிடுங்கினார். ஆகவே அவர் பட்டப்பகலில், அதே லயம் பார்க்க என் வாசலுக்கு வந்து, செய்தது தப்பு என்று வாயால் சொல்ல வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கொட்டகலையில் பஸ் ஏறினால், தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் தோட்டம் வந்துவிடும். நான் அங்கே கொழுந்து பறிக்கிறேன். அண்ணன் கங்காணி. எங்கள் பெண்கள் பறிக்கும்போது பின்னால் நின்று வேலை வாங்குவதும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையைச் சோதிப்பதும் அவர் வேலை. கூடைக்குள் கையை விட்டு ஒரு அளை அளைவார். விரலில் கொஞ்சம் முரடாக ஏதாவது தட்டுப்பட்டால் போதும், “இது கொழுந்தா, மாட்டுக்குப் புல்லா?” என்று அள்ளி வெளியே வீசுவார். தங்கச்சிக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதனால் என் கூடையை மற்றவர்கள் கூடையைவிட அதிக நேரம் அளைவார். நியாயஸ்தர் என்று அதற்கும் அவருக்குப் பெயர் கிடைத்தது.

அப்பா உயிரோடு இருந்தபோது லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி போட்டுவந்தார். சமமான நிலம், கறுத்த மண், தண்ணீரும் பக்கத்திலேயே. அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு அண்ணன் அதைச் சுற்றி வேலி கட்டிவிட்டார். எனக்கு ஒதுக்கியது லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டை ஒட்டிய சரிவு. பாதி கல், மீதி கோரைப் புல். “ஒத்தப் பொம்பளைக்கு இதுவே தாராளம்” என்றார். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறவர், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வந்துபோகிறவர். அவர் இதற்காகச் சண்டை பிடிக்க மாட்டார் என்று அண்ணனுக்குத் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தேன்.

கல் பொறுக்கிய இடத்தில் கொடிப் போஞ்சி, அதாவது பீன்ஸ், போட்டேன். கம்பு நட்டால் தானாகச் சுற்றி ஏறும், எங்கள் குளிருக்கு நன்றாக வரும், காய்க்கத் தொடங்கினால் தினமும் ஒரு கறிக்கு ஆகும். முதல் போகத்தில் பூ விடும் நேரத்தில் பேன் வந்தது. தலையில் இருக்கும் பேன் இல்லை. செடியின் குருத்தில் அப்பிக்கொண்டு சாறு குடிக்கிற கறுத்த பூச்சி. டவுனில் விவசாய ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அந்தக் கந்தோரில் அதை அழுக்கணவன் என்பார்கள், நாங்கள் பேன் என்றே சொல்கிறோம். காலையில் பத்துப் பதினைந்து தெரியும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தண்டே தெரியாது. இலை சுருளும். அது கழிக்கிற பிசுபிசுப்பில் கரி படியும். அதை நக்க எறும்பு வரிசை கட்டி ஏறும். செடி நின்றபடியே வற்றிப்போகும்.

எனக்கு அந்தப் பூச்சிமேல் வந்த வெறுப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அது முற்றிய இலையைத் தொடாது. நுனிக் குருத்தைத்தான் தேடிப் போகும், எது மெல்லிசோ அதில்தான் வாயை வைக்கும். நாங்களும் மலையில் அதையே செய்கிறோம், ஆனால் வெயிலிலும் மழையிலும் கூடையைச் சுமந்துகொண்டு. இதுகள் உட்கார்ந்த இடத்தில் இருந்து உறிஞ்சிவிட்டுக் குட்டியும் போடுகின்றன. சோப்புத் தண்ணீர் அடித்தேன், சாம்பல் தூவினேன், விரலால் நசுக்கினேன். நசுக்கும்போது ஒவ்வொன்றையும் திட்டினேன். திட்டில் பாதி அண்ணனுக்குரியது என்று எனக்குத் தெரியும், பூச்சிக்குத் தெரியாது.

அந்த நாசத்துக்கு நடுவில் மூன்று நான்கு செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பக்கத்துக் கம்பில் ஏறிய செடி கறுத்துச் செத்துக்கிடக்க, இவை பூத்துப் பிஞ்சு விட்டன. இலையைப் பிடித்தேன். பூனை நாக்கைத் தொட்டதுபோல் சொரசொரவென்று இருந்தது. கையை எடுத்தால் இலை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. செத்த செடிகளின் இலையைத் தடவினேன், வழவழப்பாக இருந்தது. அந்தத் தடவை கையில் சொந்த விதை இல்லாததால் எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே விதை. அந்தப் பைக்குள் எப்படியோ இரண்டு ரகம் கலந்திருக்கிறது.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் போஞ்சி போடாத வீடு இல்லை. எல்லோரும் விதைக்கென்று சில செடிகளை விட்டுவைப்போம். எந்தச் செடியை விடுவோம்? பறித்துப் பழகிய விரல்கள், கேட்கவா வேண்டும். இலையைத் தடவிப் பார்த்து, எது பட்டுப்போல இருக்கிறதோ அதை நல்ல செடி என்று விதைக்கு விடுவோம். முரடாக இருந்தால், முத்தல் இலையைக் கூடையிலிருந்து தள்ளுகிற பழக்கத்தில் முளையிலேயே பிடுங்கி எறிவோம். தேயிலைக்குச் சரியான கை போஞ்சிக்கு எமனாக இருந்திருக்கிறது. வருடக்கணக்காகப் பேனுக்குப் பிடித்தமான செடியாகப் பார்த்துப் பார்த்து நாங்களே வளர்த்து வந்திருக்கிறோம், பிறகு பேன் வந்துவிட்டதே என்று சாமி கும்பிட்டிருக்கிறோம்.

நான் அந்தச் சொரசொரப்புச் செடிகளின் காயைப் பறிக்காமல் முற்றவிட்டேன். அடுத்த போகத்துக்கு அந்த விதையை மட்டும் ஊன்றினேன். முளைத்ததில் சிலது மறுபடியும் வழவழப்பாக வந்தன. அவற்றை அண்ணன் பாணியில் அள்ளி வீசினேன். மீதி ஒரு வரிசை முழுக்க முரட்டுச் செடி. பீலியில் தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் என் சரிவைத் தாண்டித்தான் வர வேண்டும். இலையைத் தொட்டுப் பார்த்து, அந்தச் சொரசொரப்பு விரலில் உறுத்த முகத்தைச் சுளித்தார்கள். “என்னா புள்ள, சொணை புடிச்ச செடியப் போட்டு வச்சிருக்க?” என்று கேட்டார்கள். அண்ணன் மேலே வரவில்லை. கீழே தன் வேலிக்குள் நின்று ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் போகத்திலும் பேன் வந்தது. என் இலைகளின் அடிப்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். ஆனால் செடி வாடவில்லை, இலை சுருளவில்லை, எறும்பும் ஏறவில்லை. புள்ளிகளை ஊசியால் சுரண்டிப் பார்த்தேன், காய்ந்த தோலாக உதிர்ந்தது. இது என்ன கூத்து என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நான்கைந்து இலைகளைப் பறித்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன். இறங்கும்போது பார்த்தால் ஒரு இலை என் ஸ்வெட்டரில் நெஞ்சுப் பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்காமல் அப்படியே கந்தோருக்குள் போனேன்.

விவசாயக் கந்தோரில் இருந்த மிஸ் சிங்களப் பிள்ளை. சிங்களமும் தமிழும் கலந்து பேசினாள், எனக்கும் இரண்டும் கலந்துதான் வரும், அதனால் கஷ்டம் இல்லை. என் ஸ்வெட்டரில் இருந்த இலையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு மேசையிலிருந்து ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் தந்தாள். இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். இலை முழுக்கக் கொக்கி. கண்ணுக்குத் தெரியாத மயிர்கள், ஒவ்வொன்றும் நுனியில் வளைந்து தூண்டில் முள் மாதிரி. அந்தக் கொக்கிகளில் பேன்கள் மாட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் கால் குத்தப்பட்டிருந்தது. இன்னொன்று வயிற்றில் குத்துப்பட்டுக் காய்ந்திருந்தது. ஒன்று உயிரோடு இருந்தது. அது ஒரு காலை இழுத்தது, வரவில்லை. மறுகாலை இழுத்தது, அதுவும் மாட்டியது. அதன் ஊசி வாய் இலையைத் தொட முடியாமல் காற்றில் ஆடியது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பார்த்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. மிஸ் கண்ணாடியைக் கேட்டுக் கையை நீட்டினாள். “இன்னுங் கொஞ்ச நேரம் பாக்குறேங்க மிஸ்” என்றேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். இந்த முரட்டுத்தனம் மண்ணாலோ உரத்தாலோ வந்தது இல்லை, பிறவிக் குணம். தாய்ச் செடியிலிருந்து விதை வழியாகப் பிள்ளைச் செடிக்கு இறங்கும். குருத்து இலையில்தான் கொக்கிகள் நெருக்கமாக இருக்கும், அதாவது பேன் எங்கே வாய் வைக்க வருமோ அங்கேதான் காவல் அதிகம். மருந்து அடிக்கத் தேவையே வராது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பூச்சி பெருகுவது குறையும். நல்ல விதை, பத்திரமாக வைத்துக்கொள் என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். ஊர் முழுக்க இதே செடியைப் போட்டால் ஒரு காலத்தில் இதையும் தாண்டுகிற பேன் பிறக்கும். அதனால் பக்கத்தில் கொஞ்சம் வழவழப்புச் செடியும் இருக்கட்டும், பேனுக்கு அங்கே போக ஒரு வழி இருக்கட்டும்.

“எங்கண்ணன் தோட்டம் இருக்குங்க மிஸ், அதுக்கு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை, இருந்தாலும் தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அண்ணனிடமே சொல்லலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஏனென்றால் நான் லயத்து வளைவில் ஏறும்போது சரிவில் புகை எழுந்துகொண்டிருந்தது. கம்புகள் சாய்ந்து கிடந்தன. என் வரிசை முழுவதும் வேரோடு பிடுங்கப்பட்டுக் குவியலாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் கையில் மண்வெட்டியோடு நின்றார். வேலை விட்டு வந்த லயத்து ஆட்களில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். அண்ணன் மனைவியும் அங்கேதான் இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

“என்னாண்ணே பண்றீங்க?”

“பாரு, எல்லாம் பேனு. எலைக்கு அடியில அப்பிக் கெடக்கு. ஒன் தோட்டத்துல இருந்துதான் லயத்துக்கே பரவுது. சொணை புடிச்ச செடிய வச்சிக்கிட்டு ஊரக் கெடுக்கிறியா?”

“அதெல்லாம் செத்த பேனு! செடியப் பேன் புடிக்கல, செடிதான் பேனப் புடிச்சி வச்சிருக்கு!”

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். “டவுனுக்குப் போயிட்டு வந்ததுல ஒந்தங்கச்சிக்கு என்னமோ ஆயிருச்சி” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் எரிகிற குவியலில் கையை விட்டு ஒரு கொடியை இழுத்தேன். விரல் சுட்டதுதான் மிச்சம், பிஞ்சுகள் வெந்திருந்தன. விதைக்கு முற்றிய ஒரு காய்கூட அதில் இல்லை. முந்தின போகத்து விதை முழுவதையும் ஊன்றியிருந்தேன், வீட்டில் ஒன்றும் மிச்சம் இல்லை. அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார், ஊருக்கு உபகாரம் செய்த நடையோடு.

அன்றைக்கு நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது. கோழிக்கூட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே கூட்டின் பின்புறக் கம்பியில் ஒரு கொடி ஏறியிருந்தது. நான் ஊன்றாமல், கை தவறி விழுந்த விதையிலிருந்து வந்திருக்க வேண்டும். கூட்டைச் சுற்றி நாற்றம் என்று அண்ணன் அந்தப் பக்கம் போகவில்லை. இலையைத் தொட்டேன், விரலில் ஒட்டியது. “நீ ஒருத்தி போதும்” என்று அதனிடம் சத்தமாகவே சொன்னேன். அன்றிலிருந்து அதைச் சுற்றி முள் வைத்தேன், கோழிகளைக் கட்டிவைத்தேன், மலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். காய் முற்றிக் காய்ந்து உரசினால் சத்தம் வரும்வரை தொடவில்லை.

அந்த விதையைப் பெருக்க எனக்கு இரண்டு போகம் பிடித்தது. மடுவத்தில் அண்ணன் என் கூடையை அளையும்போதெல்லாம் நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அளையுங்கள், தூக்கி வீசுங்கள், உங்கள் விரலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு கடைகளில் மருந்தும் உரமும் கிடைக்காமல் போன காலம் வந்தது. அதுவரைக்கும் அண்ணன் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு வாரம் தவறாமல் மருந்து அடித்துத்தான் தன் போஞ்சியை நிறுத்தி வைத்திருந்தார். டேங்க் காய்ந்தது, பேன் வந்து இறங்கியது. ஓடைக்கரையில் அப்பாவின் கறுத்த மண்ணில் பட்டுப்போன்ற இலைகளோடு நின்ற செடிகள் ஒரே வாரத்தில் சுருண்டன. லயத்தில் எல்லார் வீட்டிலும் அதே கதை. என் சரிவில் மட்டும், அந்தக் கல்லிலும் கோரையிலும், கம்பு நிறையப் போஞ்சி தொங்கியது. பஸ் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். நான் வேண்டுமென்றே அந்த வருடம் கம்பை உயரமாக நட்டிருந்தேன்.

விதை கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைக்குச் சுற்றி நின்று சிரித்தவர்கள்தான். எல்லாருக்கும் கொடுத்தேன். சுளகில் கொட்டி, கை நிறைய அள்ளிக் கொடுத்து, முளைக்கும்போது வழவழப்பாக வருவதைக் கிள்ளிவிடுங்கள், அண்ணன் வீட்டுக்கு மட்டும் ஒரு விதையும் போகக் கூடாது என்று சொல்லியும் அனுப்பினேன். என்ன பெரிய மனது என்று நினைக்க வேண்டாம். ஊருக்கே கொடுத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் கொடுக்காமல் இருப்பதில் ஒரு ருசி இருக்கிறது. ஊருக்குக் கொடுத்தால்தான் அந்த ருசி வரும்.

அண்ணன் வந்தார். விளக்கு வைத்த பிறகு, இருட்டோடு இருட்டாக, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். யார் கண்ணிலும் படாமல் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது திட்டம். “கொஞ்சம் வெதை இருந்தாக் குடு தங்கச்சி” என்றார், ஏதோ நேற்றுத்தான் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதுபோல.

விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து உப்பு, ஊசி, மஞ்சள், விதை எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. லட்சுமி போய்விடுவாள். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம், அண்ணன் வீட்டிலும் உண்டு. நான் சாமி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கைக் காட்டினேன். “வெளக்கு வச்சாச்சுங்கண்ணே. பகல்ல வாங்க” என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

நாலு நாள் கழித்துக் கொஞ்சம் முன்னதாக வந்தார். பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை. அவர் படி ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்த் தீப்பெட்டியைத் தேடி விளக்கை ஏற்றிவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். அடுத்த தடவை வேலை விட்ட கையோடு வந்தார். அன்றைக்கு நல்ல பனிமூட்டம், எனக்குத் தோதாகப் போயிற்று. நாலு மணிக்கே விளக்கு எரிந்தது. “இருட்டிக்கிட்டு வருதேன்னு வச்சிட்டேங்கண்ணே” என்றேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சிரித்த சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டது. மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நின்றபோது, “ஒங்க வீட்ல எண்ணெய்ச் செலவு கூடிப்போச்சாமே” என்று பெண்கள் என்னைக் கேட்டார்கள், அண்ணன் காதில் விழும்படியாக. அவர் காதில் விழுந்தது.

வழி ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பகலில் வர வேண்டும். பகலில் வந்தால் பீலியில் நிற்கிற எல்லாரும் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெயில் அடித்தது. பீலியில் துணி துவைக்கிற கூட்டம், குடங்கள் வரிசையாக நின்றன, மதினியும் வாளியோடு வரிசையில் இருந்தார். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். துவைக்கிற சத்தம் நின்றுவிட்டது. நான் சுளகை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எத்தனையோ நாளாக மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி அது.

“வெதை குடு.”

“குடுக்கிறேங்கண்ணே. அன்னைக்கி ஏன் புடுங்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

“அது பழைய கத. இப்ப எதுக்கு?”

“எனக்கு இன்னும் புதுசாத்தான் இருக்கு. பேன் புடிச்சிருந்திச்சா அந்தச் செடியில?”

நான் பக்கத்துக் கம்பிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி அவர் வெள்ளைச் சட்டையில் அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது. “இதத்தான் சொணைன்னு எரிச்சீங்க. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, சுளகோட எடுத்துக்கிட்டுப் போங்க” என்றேன்.

அண்ணன் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு பீலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்ற பெண்கள் எல்லாம் தினமும் அவரிடம் கூடையைக் காட்டுகிறவர்கள். வாயை மூடிக்கொண்டார். “பொட்டச்சிக்கு இவ்வளவு திமிரு ஆகாது” என்று சொல்லிவிட்டு, சட்டையில் ஒட்டிய இலையை எடுக்க மறந்து படி இறங்கினார்.

வாசல் வரை வந்துவிட்டு இப்படியா? சுளகை உள்ளே கொண்டுபோகத் திரும்பினேன். அப்போது மதினி வரிசையை விட்டு வெளியே வந்தார். வாளியைக் கீழே வைத்தார். அந்த அம்மா உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

“எனக்குக் குடு. அந்தத் தோட்டத்துல கொத்துறது நானு, தண்ணி ஊத்துறது நானு, காலையில எந்திரிச்சிப் பேனு நசுக்குறதும் நானு. ஒன் செடியப் புடுங்குனது இந்த மனுசன். தப்பு. அன்னைக்கே சொல்லிருக்கணும், இப்பச் சொல்றேன். அவரு சொல்ல மாட்டாரு, நீ காத்துக்கிட்டு இருக்காத.”

பாதிப் படியில் இறங்கிக்கொண்டிருந்த அண்ணன் நின்றார், ஆனால் திரும்பவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் கேட்ட வார்த்தை கிடைத்துவிட்டது, கிடைக்க வேண்டிய வாயிலிருந்து கிடைக்கவில்லை. மதினி முந்தானையை விரித்து நின்றார். சுளகை அப்படியே கவிழ்த்தேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன். “இந்தச் செடியில அவரு கை படக் கூடாது மதினி.”

“படாது” என்றார் மதினி.

மறுவாரம் ஓடைக்கரைத் துண்டில் நானும் மதினியும் சேர்ந்து விதை ஊன்றினோம். அப்பா போனபிறகு அந்த வேலிக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மண் இன்னும் அதே கறுப்பு, விரலைக் குத்தினால் உள்ளே போகிறது. டவுன் மிஸ் சொன்னதைச் சொன்னேன், பேனுக்கென்று ஓரத்தில் இரண்டு வழவழப்புச் செடி விட வேண்டும் என்று. மதினி யோசித்துவிட்டு, “அந்த ரெண்டும் ஒங்கண்ணனுக்கு. ஆசைக்குத் தடவிக்கிடட்டும்” என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

முளைத்து நாலு இலை விட்ட சமயம். நான் பீலியில் நின்றேன், மதினி கொஞ்சம் தள்ளி விறகு கட்டிக்கொண்டிருந்தார். கீழே அண்ணன் வேலியைத் திறந்துகொண்டு உள்ளே போவது தெரிந்தது. வரிசை ஓரமாக நடந்தார். ஒரு செடிக்கு முன்னால் குனிந்தார். கங்காணிப் புத்தி, இலையைத் தடவிப் பார்க்கக் கை தானாக நீண்டது.

“அதுல கைய வைக்காதீங்க!” என்று மதினி மேலிருந்து கத்தினார்.

பீலியில் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அண்ணன் நிமிர்ந்தார். எங்களைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தான் வேலி கட்டிய துண்டில், வரிசைக்கு வெளியே தள்ளி நின்றார். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

இப்போது அந்தப் போஞ்சி கம்பு உச்சிக்கு ஏறிவிட்டது. அண்ணன் மடுவத்தில் என் கூடையை முன்போலவே அளைகிறார், நானும் முன்போலவே நிற்கிறேன். தப்பு என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. சில நாள் வேலை விட்டுப் போகும்போது, பேச வருகிறவர் மாதிரி என் பக்கத்தில் நடையைத் தளர்த்துவார். நான் எட்டி நடந்துவிடுகிறேன். அவர் சொல்லிவிட்டால் நான் மன்னிக்க வேண்டியிருக்கும்.